வடக்கெல்லை காத்த சிலம்புச்செல்வர்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

நம் ஊரை யாவரும் ஆர்.கே.பேட்டை என்றே அழைக்கின்றனர். அதன் முழுப்பெயர் இராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்பதாகும். அப்பெயரில் வரும் ராஜு என்ற சொல் தெலுங்கு வழக்கு. ஆனால் ஊரின் பெயர்ப்பலகையோ தமிழில் நிற்கிறது. தறிச் சத்தம் கேட்கும் நம் தெருக்களில் ஒரு வீட்டில் தமிழும் அடுத்த வீட்டில் தெலுங்கும் ஒலிக்கின்றன. நம் வகுப்பிலும் அப்படியே. பள்ளிக்குள் அனைவரும் தமிழில் பேசிவிட்டு, மணி அடித்ததும் சிலர் தெலுங்கு பேசும் இல்லங்களுக்குத் திரும்புகிறோம்.

நம் வட்டாரம் இருந்த இடத்தை விட்டு அசையாமலே பல மாவட்டங்களைக் கண்டிருக்கிறது. 1911-ஆம் ஆண்டுவரை வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. பின்னர் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1960 முதல் செங்கற்பட்டு மாவட்டத்திலும், 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்திலும் இருந்து வருகிறது. 1953 முதல் 1960 வரை ஏறத்தாழ ஆறரை ஆண்டுகள் நாம் ஆந்திராவில் இருந்தோம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்த நிலையை மாற்றப் பாடுபட்டோருள் முதன்மையானவர் சிலம்புச்செல்வர் ம.பொ.சிவஞானம் ஆவார். அவருடைய வாழ்க்கையை அறிவது நம் ஊரின் வரலாற்றை அறிவதற்கு ஒப்பாகும். ஆகவே அவரைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம். எல்லைக்கு அப்பால் உள்ளவர்கள் அதே வரலாற்றை எவ்வாறு நினைவுகூருகின்றனர் என்பதையும் சேர்த்தே காண்போம். ஏனெனில் அவர்களில் பலர் நமக்கு உறவினர். சிலர் நம் பக்கத்து இருக்கைத் தோழியர்.

பிறப்பும் இளமையும்

ம.பொ.சி. 1906-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியைச் சேர்ந்த சால்வன்குப்பத்தில் பிறந்தார். தந்தையார் பொன்னுசாமி கிராமணியார். தாயார் சிவகாமி அம்மையார். மயிலாப்பூர் பொன்னுசாமி சிவஞானம் என்பதன் சுருக்கமே ம.பொ.சி. என்பது.

குடும்பத்தில் வறுமை கொடிகட்டிப் பறந்தது. பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. நம்மில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் தங்கைகள் இருப்பவர்கள் ஒரு நிமிடம் அவர்களை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த வயதில் புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டு அவர் உழைக்கச் சென்றார். முதலில் நெசவுத் தொழில் செய்தார். நூல் அறுந்தால் முடிச்சுப் போடும் வேலையும், நாள் முழுதும் குனிந்தே இருக்கும் முதுகு வலியும் நம் ஊர்க் குடும்பங்களுக்குப் புதியவை அல்ல. அதனால் அவர் நமக்கு இன்னும் நெருக்கமானவர் ஆகிறார்.

பின்னர் அவர் அச்சுக் கூடத்தில் எழுத்துக் கோக்கும் தொழிலாளியானார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லாக்கி, சொற்களை வரியாக்கி, வரிகளைப் பக்கமாக்குவது அந்த வேலை. டாக்டர் வரதராஜுலு நாயுடு நடத்திய 'தமிழ்நாடு' இதழின் அச்சகத்தில் அவர் பணியாற்றினார். பள்ளிக்கூடம் கொடுக்காத கல்வியை அந்த அச்சகம் கொடுத்தது. பிறர் எழுதியதைக் கோத்துக் கோத்தே அவர் தமிழ் கற்றார். அரசியலும் கற்றார். தாயார் சொல்லிக் கொடுத்த புராணக் கதைகளும் பாடல்களும் அதற்கு முன்பே அவர் மனத்தில் விதையாக விழுந்திருந்தன.

விடுதலைப் போரில்

காந்தியடிகளின் இயக்கம் அவரை ஈர்த்தது. இளமையிலேயே காங்கிரசில் சேர்ந்தார். அவர் பிறந்த சமூகத்தில் பலருக்குக் கள் இறக்குவதே பிழைப்பு. ஆயினும் மதுவிலக்கே நாட்டுக்கு நல்லது என்று அவர் தம் மக்களிடமே சென்று பேசினார். சொந்தக்காரர்களின் வருமானத்துக்கு எதிராகப் பேசுவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஊரார் மெச்சுவதைச் சொல்வதைவிடத் தமக்குச் சரியென்று பட்டதைச் சொல்லும் குணம் அன்றே அவரிடம் இருந்தது.

அவர் பலமுறை சிறை சென்றார். 1942-ஆம் ஆண்டு 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தின்போது கைதாகி வேலூர்ச் சிறையிலும், பின்னர் தொலைவிலுள்ள அமராவதிச் சிறையிலும் அடைக்கப்பட்டார். அங்கே அவருடைய உடல்நலம் மிகவும் கெட்டது. அப்போது பற்றிய வயிற்று நோய் வாழ்நாள் முழுதும் அவரை விடவில்லை.

சிலம்பின் செல்வர்

சிறையில் பலர் சோர்ந்து போவர். ம.பொ.சி.யோ சிறையைப் பள்ளிக்கூடமாக்கிக் கொண்டார். அங்கேதான் சிலப்பதிகாரத்தை ஆழ்ந்து கற்றார். சோழநாட்டுப் புகாரில் தொடங்கி, பாண்டியநாட்டு மதுரையில் திரும்பி, சேரநாட்டு வஞ்சியில் முடியும் காப்பியம் அது. மூன்று நாட்டையும் ஒரே கதையில் இணைத்தவர் இளங்கோவடிகள். சேர, சோழ, பாண்டியர் என்று பிரிந்து நின்ற மக்களை ஒரே தமிழினமாகக் காட்டும் நூல் என்றே ம.பொ.சி. அதைக் கண்டார். விடுதலையான பிறகு ஊர் ஊராகச் சென்று சிலம்பைப் பற்றிப் பேசினார். புலவர்களின் ஏட்டில் இருந்த கண்ணகியின் கதை பாமரரின் மேடைக்கு வந்தது. சொல்லின் செல்வர் ரா.பி.சேதுப்பிள்ளை அவருக்குச் சிலம்புச்செல்வர் என்ற பட்டத்தைச் சூட்டினார். மூன்றாம் வகுப்பு மட்டுமே படித்தவருக்குப் பேராசிரியர் ஒருவர் அளித்த பட்டம் அது.

கப்பலோட்டிய தமிழன் என்று வ.உ.சிதம்பரனாரை இன்று நாம் போற்றுகிறோம். அப்பெயரில் அவருடைய வரலாற்றை எழுதி நாடெங்கும் பரப்பியவர் ம.பொ.சி.யே. வீரபாண்டிய கட்டபொம்மனின் வரலாற்றையும் எழுதினார். இவ்விரு வீரர்களையும் பற்றிய திரைப்படங்கள் 1959-லும் 1961-லும் வெளிவந்தபோது தமிழ்நாடே அவர்களை அறிந்துகொண்டது.

வடக்கெல்லைச் சிக்கல்

நாடு விடுதலை பெறுமுன்பே, 1946-ஆம் ஆண்டில், ம.பொ.சி. தமிழரசுக் கழகத்தைத் தொடங்கினார். அந்நாளில் சென்னை மாகாணத்தில் தமிழர், தெலுங்கர், மலையாளிகள், கன்னடர் யாவரும் சேர்ந்தே இருந்தனர். மொழிவாரியாக மாநிலங்கள் அமைய வேண்டும் என்பது தெலுங்கரின் நெடுநாள் கோரிக்கை. தமிழருக்கும் ஒரு மாநிலம் வேண்டும் என்பது ம.பொ.சி.யின் கோரிக்கை. கோரிக்கை இருவருக்கும் ஒன்றே. கோடு எங்கே விழவேண்டும் என்பதில்தான் சண்டை வந்தது.

தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கெல்லையாக வேங்கட மலையைக் குறிக்கிறது. வேங்கடம் என்பது திருப்பதி மலை. ஆழ்வார்கள் அம்மலையைத் தமிழில் பாடினர். திருமலைக் கோயிற் சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் பல உள்ளன. இவற்றைக் காட்டி ம.பொ.சி. திருப்பதியைக் கேட்டார். 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டில், விடுதலைக் கொண்டாட்டத்தின் ஒலி அடங்குமுன்பே, தொண்டர்களுடன் திருப்பதிக்குப் பயணம் சென்றார். அங்கே எதிர்ப்பும் இருந்தது.

எதிர்த்தவர்களிடமும் காரணம் இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது. அதே மலையில் தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியார் தெலுங்கில் எண்ணற்ற கீர்த்தனைகள் பாடினார். விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் அக்கோயிலுக்குப் பெருங்கொடைகள் அளித்தார். மலையைச் சுற்றிலும் தெலுங்கு பேசுவோர் மிகுதியாக வாழ்ந்தனர். ஒரே மலையை இரு மொழிக்காரரும் தம்முடையது என்று உண்மையாகவே நம்பினர்.

நம் பகுதியில் தமிழுக்காக முன்னமே உழைத்து வந்தவர் மங்கலங்கிழார் என்னும் தமிழாசிரியர். 1895-இல் பிறந்த அவர் குருவராசப்பேட்டையில் ஆசிரியராக இருந்தார். சித்தூர் மாவட்டத்தில் தமிழர்களுக்குத் தமிழ்க் கல்வி அருகி வருவதைக் கண்டு வருந்தி, கிராமம் கிராமமாகச் சென்று தமிழ் கற்பித்தார். ம.பொ.சி.யின் தோள் சேர்ந்து போராடிய அவர், முடிவைக் காணாமலே 1953-இல் காலமானார். திருத்தணியைச் சேர்ந்த விநாயகமும் இப்போராட்டத்தின் தூண்களுள் ஒருவர்.

அப்பாலும் ஒரு தியாகி

இங்கே நாம் இன்னொருவரையும் அறிந்துகொள்ள வேண்டும். அவர் பொட்டி ஸ்ரீராமுலு. அவரும் சென்னையிலேயே பிறந்தவர், ம.பொ.சி.யைவிட ஐந்தே ஆண்டுகள் மூத்தவர். அவரும் காந்தியடிகளின் தொண்டர். அவரும் விடுதலைக்காகச் சிறை சென்றவர். நெல்லூரில் ஒரு கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களையும் அனுமதிக்க வேண்டும் என்று உண்ணாவிரதம் இருந்தவர்.

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள், தெலுங்கர்க்குத் தனி மாநிலம் கேட்டுச் சென்னை மயிலாப்பூரில் ஒரு வீட்டில் அவர் உண்ணாவிரதம் தொடங்கினார். சென்னை நகரமும் அம்மாநிலத்தில் சேரவேண்டும் என்பது அவர் விருப்பம். 58 நாட்கள் பட்டினி கிடந்து டிசம்பர் 15-ஆம் நாள் உயிர் துறந்தார். ஆந்திரப் பகுதிகள் கொந்தளித்தன. நான்கு நாட்களில் பிரதமர் நேரு ஆந்திர மாநிலம் அமையும் என்று அறிவித்தார்.

ஆந்திரத்தார் அவரை அமரஜீவி என்று போற்றுகின்றனர். 2008-இல் நெல்லூர் மாவட்டத்துக்கு அவர் பெயரைச் சூட்டினர். அவர் உயிர் நீத்த வீடு நினைவில்லமாக இன்றும் சென்னையில் இருக்கிறது. நம்முடைய தலைநகரைத் தம் மக்களுக்காகக் கேட்டு உயிர் விட்டவரின் நினைவில்லம் நம் தலைநகரிலேயே இருப்பது வியப்புக்குரியது. அதை எவரும் இடிக்கவில்லை என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி.

தலைநகரும் திருத்தணியும்

சென்னை யாருக்கு என்ற கேள்வி 1952-லும் 1953-லும் நெருப்பாகப் பற்றி எரிந்தது. 1639-இல் கோட்டை கட்ட ஆங்கிலேயருக்கு நிலம் கொடுத்தவர்கள் தாமர்ல நாயக்கர்கள்; அவர்கள் தெலுங்கர்; சென்னை என்னும் பெயரே அவர்களுடைய தந்தை சென்னப்ப நாயக்கரால் வந்தது என்று ஆந்திரத்தார் கூறினர். நகரில் வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் தமிழர். சுற்றியுள்ள ஊர்களெல்லாம் தமிழூர்கள் என்று தமிழர் கூறினர். சென்னையையே இரண்டாகப் பிரிக்கலாமா, தற்காலிகமாக இருவருக்கும் தலைநகராக வைக்கலாமா என்றெல்லாம் பேச்சு எழுந்தது.

ம.பொ.சி. ஓயவில்லை. கூட்டங்கள், ஊர்வலங்கள், அறிக்கைகள் என்று இரவும் பகலும் உழைத்தார். அந்நாளில் சென்னை மேயராக இருந்த செங்கல்வராயனும் முதலமைச்சர் இராஜாஜியும் சென்னையை விட்டுக்கொடுக்க மறுத்தனர். 1953 மார்ச்சில், ஆந்திரத்தின் தலைநகர் ஆந்திரத்துக்குள்ளேயே அமையும் என்று பிரதமர் நேரு நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். 1953 அக்டோபர் 1-ஆம் நாள் கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர மாநிலம் பிறந்தது.

தலைநகர் தப்பியது. ஆனால் சித்தூர் மாவட்டம் முழுவதும் ஆந்திரத்தோடு போயிற்று. அதில் தமிழர் மிகுதியாக வாழ்ந்த திருத்தணியும் அடக்கம், நம் ஆர்.கே.பேட்டையும் அடக்கம். அவ்வாண்டிலேயே திருத்தணியில் மறியல்கள் நடந்தன. ரயில்கள் நிறுத்தப்பட்டன. ம.பொ.சி.யும் தொண்டர்கள் பலரும் சிறை சென்றனர். போராட்டத்தில் உயிர் நீத்தோரும் உண்டு. எல்லையை ஆராய ஏற்பாடு செய்யப்படும் என்ற உறுதிமொழி கிடைத்த பிறகே போராட்டம் நின்றது. 1954-இல் ம.பொ.சி. தாம் வளர்ந்த காங்கிரசையே விட்டுப் பிரிய நேர்ந்தது.

நடுவர் தீர்ப்பு

இரு மாநில அரசுகளும் ஒரு நடுவரை ஏற்க இசைந்தன. மத்திய அமைச்சராக இருந்த எச்.வி.படாஸ்கர் அப்பொறுப்பை ஏற்றார். அவர் தமிழரும் அல்லர், தெலுங்கரும் அல்லர். பழம்பாடல்களையோ பழைய அரசர்களின் கொடைகளையோ அவர் அளவுகோலாகக் கொள்ளவில்லை. ஒவ்வொரு கிராமமும் ஓர் அலகு. அக்கிராமத்தில் எந்த மொழி பேசுவோர் மிகுதி என்பது முதற்கேள்வி. அக்கிராமம் அம்மொழி மாநிலத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இவ்வாறு ஊர் ஊராகப் பார்த்து அவர் எல்லையை வகுத்தார்.

1959-இல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டத்தை இயற்றியது. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்துக்குக் கிடைத்தன. 300-க்கும் மேற்பட்ட கிராமங்கள் இவ்வாறு வந்தன. பதிலுக்குச் செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து தெலுங்கு பேசும் கிராமங்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. சத்தியவேடு அவ்வாறு சென்ற ஊரே. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன.

ஆக, கேட்டதெல்லாம் எவருக்கும் கிடைக்கவில்லை. ஆந்திரத்தார்க்குச் சென்னை கிடைக்கவில்லை. ம.பொ.சி.க்கு வேங்கடம் கிடைக்கவில்லை, திருத்தணி கிடைத்தது. அவர் அதை நிறைவோடு ஏற்றாலும், வேங்கடம் போன வருத்தம் அவர் எழுத்துகளில் தெரியும் என்று பெரியோர் கூறுவர். ஆயினும் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். ஊர்கள் கைமாறிய அந்த நாளில் எவரும் வீட்டைவிட்டுத் துரத்தப்படவில்லை. இங்கே இருந்த தெலுங்கர் இங்கேயே இருந்தனர். அங்கே இருந்த தமிழர் அங்கேயே இருந்தனர்.

போலந்தும் ஜெர்மனியும்

இது எவ்வளவு பெரிய பேறு என்பதை உணர, உலக வரலாற்றில் ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். போலந்தும் ஜெர்மனியும் அண்டை நாடுகள். 1939 செப்டம்பர் 1-ஆம் நாள் ஹிட்லரின் படை போலந்துக்குள் புகுந்தது. அப்போரில் போலந்துக் குடிமக்கள் ஏறத்தாழ 60 லட்சம் பேர் மாண்டனர். அவர்களில் பாதிப் பேர் யூதர்கள். 1945-இல் போர் முடிந்தபோது எல்லைக்கோடு மேற்கே நகர்த்தப்பட்டது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஜெர்மானியர் பல லட்சம் பேர் மூட்டை முடிச்சுகளோடு வெளியேற்றப்பட்டனர். பிரெஸ்லாவ் என்ற ஜெர்மன் நகரம் விராட்ஸ்வாஃப் என்ற போலந்து நகரமாயிற்று. நம் எல்லைச் சிக்கலை அக்கொடுமையோடு ஒப்பிடுவது தகாது. ஆனால் அதற்குப் பின் அவர்கள் செய்ததை நாம் கற்றுக்கொள்ளலாம்.

1965 நவம்பரில் போலந்து ஆயர்கள் ஜெர்மன் ஆயர்களுக்கு ஒரு கடிதம் எழுதினர். அதை வரைந்தவர் விராட்ஸ்வாஃப் பேராயர் கோமினெக். எல்லைப் பகுதியான சிலேசியாவில் பிறந்த அவருக்கு இரு மொழியும் தெரியும். இரு மக்களின் துயரமும் தெரியும். தாங்கள் பட்ட துன்பங்களை ஆயர்கள் அக்கடிதத்தில் மறைக்கவில்லை. அவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, தாங்கள் மன்னிப்பதாகவும், தாங்களும் மன்னிப்பு வேண்டுவதாகவும் எழுதினர். துன்பப்பட்டவர்கள் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவர்கள் நாட்டிலேயே கோபம் எழுந்தது. அரசு அவர்களைக் கடுமையாகத் தாக்கியது. கையெழுத்திட்ட ஆயர்களுள் ஒருவர் கரோல் வொய்த்திவா. பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலாகி, 1986-இல் சென்னைக்கும் வந்தவர் அவரே.

1972-இல் இரு நாட்டு வரலாற்று ஆசிரியர்களும் ஒரே மேசையில் அமர்ந்து, பள்ளிப் பாடநூல்களில் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதியிருப்பதைத் திருத்தும் குழுவை அமைத்தனர். நம்மைப் போன்ற பிள்ளைகள் படிக்கும் புத்தகத்திலிருந்தே பகை வளரவும் கூடும், தணியவும் கூடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

எல்லையில் வாழும் நாம்

நம் பக்கத்தில் வடக்கெல்லைப் போராட்டம் என்று படிக்கிறோம். ம.பொ.சி. வீரர், திருத்தணி மீட்கப்பட்டது என்கிறோம். எல்லைக்கு அப்பால் உள்ள பிள்ளைகள் பொட்டி ஸ்ரீராமுலுவின் தியாகத்தைப் படிக்கின்றனர். அவர்களுக்குத் திருத்தணி இழந்த ஊர். இரண்டும் பொய்யல்ல, ஆனால் ஒவ்வொன்றும் பாதிக் கதையே. மீட்டோம் என்று நாம் கைதட்டும்போது, தெலுங்கு பேசும் தோழி தன்னை யாரிடமிருந்து மீட்டார்கள் என்று தனக்குள் கேட்டுக்கொள்ள மாட்டாளா? அவளும் இந்த ஊர்க்காரியே அல்லவா? சித்தூரில் வாழும் தமிழ்ச் சிறுமியும் தன் பள்ளியில் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருப்பாள்.

இது வெறும் பழங்கதை அன்று. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி நம் மாநிலத்துப் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாக உயர்ந்து, 2015-16-இல் பத்தாம் வகுப்பை எட்டியது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் விலக்குக் கேட்டு நீதிமன்றம் சென்றனர். தமிழ்நாட்டில் வாழ்வோர் தமிழ் கற்பது நன்மையே. அதே வேளையில், தாய்மொழியை இழக்கும் அச்சம் எப்படிப்பட்டது என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். மங்கலங்கிழார் சித்தூர் மாவட்டத்துக் கிராமங்களில் நடையாய் நடந்தது அந்த அச்சத்தினால்தான். அன்று தமிழ்ப் பிள்ளைகளுக்கு நாம் கேட்ட நீதியை இன்று தெலுங்குப் பிள்ளைகளுக்கு மறுக்கலாமா? இதற்கு விடை சொல்வது எளிதன்று. ஆனால் கேள்வியை மறைத்துவிட்டு ம.பொ.சி.யைப் போற்றுவது முறையாகாது.

ம.பொ.சி.யே நமக்கு வழி காட்டியிருக்கிறார். அவர் உயர்த்திப் பிடித்த வீரபாண்டிய கட்டபொம்மனின் குடும்ப மொழி தெலுங்கு. சென்னையையும் வேங்கடத்தையும் கேட்டுத் தெலுங்கரோடு வாதாடிய அதே மனிதர், தெலுங்கு பேசிய குடும்பத்தில் பிறந்த ஒருவரைத் தமிழகத்தின் விடுதலை வீரராக வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தார். மண்ணுக்காக உயிர் கொடுத்தவனிடம் வீட்டில் என்ன மொழி பேசினாய் என்று அவர் கேட்கவில்லை. திருத்தணியில் 1888-இல் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணனும் தெலுங்குக் குடும்பத்தவரே. அவருடைய பிறந்த நாளை நாம் ஒவ்வோர் ஆண்டும் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். அவர் தமிழரா தெலுங்கரா என்று எவரும் சண்டையிடுவதில்லை. திருத்தணி முருகன் கோயில் படிகளில் இரு மொழியிலும் அரோகரா ஒலிக்கிறது. படி ஏறுகிறவர்களிடம் மாநிலம் எது என்று கேட்பார் இல்லை.

எங்களுள் ஒருத்தியின் பாட்டியார் 1960-இல் சிறுமியாக இருந்தவர். ஏப்ரல் முதல் நாள் என்ன மாறியது என்று அவரிடம் கேட்டோம். பள்ளிக்கூடத்தில் பாடம் மாறியது, தாலுக்கா கச்சேரிக்கு எழுதும் மனு மாறியது என்றார். சந்தையும் சம்பந்தமும் மாறவில்லை என்றார். சித்தூர்ப் பக்கம் கொடுத்த பெண்ணை எல்லை தாண்டிப் போய் விட்டாள் என்று யாரும் அழவில்லையாம். தீபாவளிக்கு வருவாள் என்றுதான் சொன்னார்களாம்.

பிற்கால வாழ்வு

எல்லைப் போராட்டத்தோடு ம.பொ.சி.யின் பணி முடியவில்லை. 1956-இல் கன்னியாகுமரி தமிழகத்தோடு இணைவதற்கு நடந்த தெற்கெல்லைப் போராட்டத்துக்கும் துணை நின்றார். தமிழ்நாடு என்ற பெயர் வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடினார். அதே கோரிக்கையை முன்வைத்து 1956-இல் விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்து உயிர் நீத்தவர் சங்கரலிங்கனார். 1969 ஜனவரி 14 முதல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. கல்லூரிகளிலும் தமிழே பயிற்று மொழியாக வேண்டும் என்று ம.பொ.சி. வற்புறுத்தி வந்தார்.

'வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு' என்ற நூலுக்காக 1966-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றார். சாதியும் சமயமும் பாராத வள்ளலாரின் வழியை அந்நூல் விளக்குகிறது. 1967-இல் தியாகராயநகர்த் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1972-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பின்னர்ச் சட்ட மேலவையின் தலைவராக உயர்ந்து, 1986-இல் மேலவை கலைக்கப்படும்வரை அப்பதவியில் இருந்தார். தம் வாழ்க்கை வரலாற்றை 'எனது போராட்டம்' என்ற நூலாக எழுதியிருக்கிறார். 1995 அக்டோபர் 3-ஆம் நாள் தம் 89-ஆம் வயதில் மறைந்தார். 2006-இல் அவருடைய நூற்றாண்டையொட்டி இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது.

முடிவுரை

தோழியரே! வறுமையில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, தறியிலும் அச்சகத்திலும் உழைத்தவர் ம.பொ.சி. அவருடைய உழைப்பினால்தான் இன்று நாம் இந்தப் பள்ளியில் தமிழில் இக்கட்டுரையை எழுதவும் படிக்கவும் முடிகிறது. அந்த நன்றியை நாம் மறக்கலாகாது. அதே நேரத்தில் எல்லைக்கு அப்பால் ஓர் அமரஜீவியும் தம் மக்களுக்காக உயிர் விட்டார் என்பதையும் நாம் மறக்கலாகாது. இருவரும் சென்னையில் பிறந்தவர்கள். இருவரும் காந்தியடிகளின் பிள்ளைகள்.

நம் பள்ளியில் ம.பொ.சி. பிறந்த நாளாகிய ஜூன் 26-ஆம் நாள் அவரைப் பற்றிப் பேச்சுப் போட்டி நடத்தினால் நலமாயிருக்கும். அதில் பொட்டி ஸ்ரீராமுலுவைப் பற்றியும் ஒரு தலைப்பு இருக்கட்டும். தெலுங்கு வீட்டுத் தோழி ம.பொ.சி.யைப் பற்றியும், தமிழ் வீட்டுத் தோழி ஸ்ரீராமுலுவைப் பற்றியும் பேசட்டும். பிறருடைய தியாகத்தை நம் வாயால் சொல்லும்போதுதான் அதன் பெருமை நமக்கு விளங்கும். அருட்சகோதரிகளும் ஆசிரியைகளும் இவ்வேண்டுகோளை ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்புகிறோம்.